முதுகுக்குக் கீழே ஒரு தடுப்பு

பனிமலையில் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவர்கள் ஸ்லீப்பிங் பேக்கை நாலு கடை ஏறி இறங்கிப் பார்த்து வாங்குவார்கள். கீழே விரிக்கும் மேட் விஷயத்தில் மட்டும் ‘ஏதோ ஒன்று இருந்தால் போதும்’ என்று விட்டுவிடுவார்கள். நள்ளிரவில் முதுகு சில்லிட்டு விழிப்பு வந்தால், பழி பேக்கின் மேல் விழும். பெரும்பாலும் குற்றவாளி மேட்தான்.

ஸ்லீப்பிங் பேக் சூடு தருவதில்லை. நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. அதைச் செய்வது அதற்குள் இருக்கும் இறகிலும் பஞ்சிலும் சிக்கிக் கிடக்கும் காற்று. படுத்ததும் நம் எடையில் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கி, அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. அதன்பின் உடம்புச் சூடு நேரே தரைக்கு இறங்கும். அதைத் தடுப்பதுதான் மேட்டின் முதல் வேலை. மெத்தென்று இருப்பது இரண்டாவது.

எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் ‘ஆர்-வேல்யூ’. சூடான தட்டு ஒன்றுக்கும் குளிர்ந்த தட்டு ஒன்றுக்கும் நடுவே மேட்டை வைப்பார்கள். சூடான தட்டின் வெப்பநிலை இறங்காமல் இருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று அளப்பார்கள். செலவு குறையக் குறைய ஆர்-வேல்யூ கூடும். முன்பெல்லாம் ஆளுக்கொரு முறையில் அளந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். 2018-இல் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுத்தரம் வந்த பிறகு, அதன்படி அளந்த மேட்டுகளை எந்த நிறுவனத்தினுடையதானாலும் ஒப்பிட முடிகிறது.

தோராயமாக, கோடைக்கு 1 முதல் 2 வரை போதும். இரவில் நன்றாகக் குளிரும் மலைக்கு 3 அல்லது 4 வேண்டும். பனிமேல் படுக்க 5-க்கு மேல் தேவை. இந்த எண்களைக் கூட்டவும் செய்யலாம்: 2 உள்ள ஃபோம் மேட்டின் மேல் 3 உள்ள காற்று மேட்டை விரித்தால் ஏறக்குறைய 5.

மேட்டில் மூன்று வகை உண்டு. மடித்தோ சுருட்டியோ பையின் வெளியே கட்டிக்கொள்ளும் ஃபோம் மேட் விலை மலிவு; முள் குத்தினாலும் கெடாது. ஆனால் இடத்தை அடைக்கும், பெரும்பாலும் 2-ஐ ஒட்டித்தான் தடுக்கும். இரண்டாவது, தானே காற்று ஏற்றிக்கொள்ளும் மேட். 1970-களில் அமெரிக்காவின் சியாட்டிலில், முன்பு போயிங்கில் வேலை பார்த்த பொறியாளர்கள் உருவாக்கியது. வால்வைத் திறந்ததும் உள்ளே அமுங்கியிருக்கும் ஃபோம் விரிந்து காற்றை இழுத்துக்கொள்ளும். முழுக்க நிறைய, கடைசியில் வாயால் நாலு ஊது ஊத வேண்டியிருக்கும். வீட்டில் வைக்கும்போது சுருட்டாமல், வால்வைத் திறந்து விரித்தே வைத்தால்தான் ஃபோமின் துள்ளல் சாகாது.

மூன்றாவது, காற்று மேட். எடை குறைவு, சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவுதான். ஆனால் உள்ளே வெறும் காற்று மட்டும் இருந்தால், அது சுழன்று உடம்புச் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். தடிமன் இருக்கிறதே என்று நம்பி ஏமாறுவது இங்கேதான். நல்ல மேட்டுகளில் சிறு அறைகளோ, சூட்டைத் திருப்பியனுப்பும் பளபளப்பான படலமோ, செயற்கைப் பஞ்சோ இருக்கும். இரவில் இந்த மேட் தொளதொளவென்று ஆனால் உடனே ஓட்டை என்று பயப்பட வேண்டாம். குளிரில் உள்காற்று சுருங்கினாலும் அப்படி ஆகும். சந்தேகமிருந்தால் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தில் ஒட்டுப் போட வேண்டியதுதான். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே தங்கும் என்பதால் ஊதுபையைப் பயன்படுத்துவது நல்லது.

கடையிலேயே காற்றை நிரப்பி, ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். இடுப்பு எலும்பு தரையைத் தொட்டால் அந்த மேட் உங்களுக்கு ஆகாது. தோளும் குதிகாலும் வெளியே போகாத அளவில் எடுங்கள். கையில் பணம் குறைவாக இருந்தால் விலையுயர்ந்த பேக்கைத் தள்ளிப்போட்டு, முதலில் நல்ல மேட்டை வாங்குங்கள். பேக்கின் குறையை ஒரு ஸ்வெட்டர் சரிக்கட்டும். மேட்டின் குறையைச் சரிக்கட்ட ஒன்றும் இல்லை, இன்னொரு மேட்டைத் தவிர.