கடன் பத்திரம் எரிந்த மண்ணில் எழுந்த ஊர்

கோயிலைச் சுற்றி எழுந்த ஊர்கள் உண்டு. கோட்டையைச் சார்ந்து வளர்ந்த ஊர்களும் உண்டு. கூட்டுறவுச் சங்கம் ஒன்றைச் சுற்றி எழுந்த ஊரைக் காண விரும்பும் அங்கத்தினர்கள், மகாராஷ்டிரத்திலுள்ள பிரவராநகரின் வரலாற்றை அறிதல் நலம். முன்னர் அகமதுநகர் என வழங்கிய மாவட்டத்தில், லோணி கிராமத்தை அடுத்துள்ளது இச்சிற்றூர்.

1875-ஆம் ஆண்டில் புனா, அகமதுநகர் மாவட்டங்களின் குடியானவர்கள் லேவாதேவிக்காரர்களின் வீடுகளிலிருந்த கடன் பத்திரங்களைப் பறித்துத் தீயிட்டனர். 1879-இல் சர்க்கார் கடன் நிவாரணச் சட்டம் இயற்றிற்று. ஆயினும், பத்திரம் எரிந்ததேயன்றிக் கடன் எரியவில்லை. விதைக்கும் வரிக்கும் குடியானவர் மீண்டும் அதே திண்ணையில்தான் காத்து நின்றார்.

பிரவரா நதியில் பண்டார்தரா அணை 1926-இல் கட்டி முடிக்கப்பட்டது. வாய்க்கால் நீரால் கரும்பு செழித்தது. விளைவித்தவர் ஒருவர், விலை கூறியவர் வேறொருவர். இந்நிலையை மாற்ற முனைந்தவர் லோணியைச் சேர்ந்த விவசாயி விட்டல்ராவ் விகே பாட்டீல். ஏட்டுக் கல்வி அதிகம் பெறாத அவர், 1923-இல் தம் ஊரில் ஐக்கிய நாணயச் சங்கம் அமைத்து, சிறு சேமிப்பின் வலிமையைக் கண்டிருந்தார். பின்னர் ஊர் ஊராகச் சென்று சர்க்கரை ஆலைக்குப் பங்கு திரட்டினார். பொருளாதார அறிஞர் த. ரா. காட்கில் ஆலையின் தலைமையை ஏற்றுத் துணை நின்றார். மகாராஷ்டிரத்தின் முதல் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை 1950-51 பருவத்தில் அரைவையைத் தொடங்கிற்று. கரும்புக்கு உடையவரே ஆலைக்கும் உடையவரானார். ஆலையைச் சுற்றி ஊர் வளர்ந்தது, பள்ளிகள் எழுந்தன, 1984-இல் லோணியில் மருத்துவக் கல்லூரியும் தோன்றிற்று.

பெருமையோடு நிறுத்திக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை. மகாராஷ்டிரத்துக் கரும்பு வயல்களுக்குப் பீட் முதலிய வறண்ட மாவட்டங்களிலிருந்து வெட்டுக் கூலிகள் ஆண்டுதோறும் குடும்பத்தோடு வருகின்றனர். அவர்கள் மேஸ்திரியிடம் முன்பணம் பெற்று, அதை உழைத்துக் கழிக்கின்றனர். பருவம் முடிந்தும் கழியாத கடன் மறு பருவத்திற்குத் தொடர்கிறது. நிலமுடையோர் விடுபட்ட தளை, நிலமற்றோர் காலில் இன்னும் கிடக்கிறது. ஏனெனில் ஆலையின் பங்கு, கரும்பு பயிரிடுவோர்க்கே உரியது.

நம் சங்கங்களின் நிலை என்ன? நெசவாளர் பெயர் அங்கத்தினர் பதிவேட்டில் உள்ளது. அவருக்குத் தார் சுற்றித் தரும் பெண்ணின் பெயர் உள்ளதா? விவசாயியின் பெயர் உள்ளது. அவர் வயலில் நாற்று நடுபவரின் பெயர் உள்ளதா? அடுத்த பொதுக்குழுவிற்கு வரும்போது அங்கத்தினர்கள் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டுகிறோம். கூட்டுறவால் ஓர் ஊரையே எழுப்ப முடியும் என்பதைப் பிரவராநகர் காட்டிவிட்டது. அவ்வூரில் யார் யாருக்கு இடம் என்பதை முடிவு செய்பவர்கள் நாமே.