தேசப்படத்தில் இடம்பெறாத வீடுகள்

புயலோ வெள்ளமோ தாக்கிய பகுதிக்கு உணவும் மருந்தும் கொண்டு செல்லும் ஊழியர்களுக்கு முதற்கண் வேண்டுவது வழி. லாரி செல்லத்தக்க பாதை எது, அதன் முடிவில் எத்தனை வீடுகள் உள்ளன, பள்ளிக்கூடம் மேட்டுநிலத்தில் உள்ளதா என்பவற்றைத் தேசப்படமே கூறுதல் வேண்டும். ஜேம்ஸ் ரென்னல் என்பார் 1767இல் வங்காளத்தின் தலைமை நில அளவையாளராக நியமிக்கப்பட்டார். அக்காலந்தொட்டு நில அளவையில் பழகிய கொல்கத்தாவிலேயே, பஸ்தி எனப்படும் குடிசைப் பகுதிகள் சில அண்மைக்காலம் வரை தேசப்படத்தில் வெற்றிடமாகக் காணப்பட்டன என்பது வியப்பிற்குரியது.

இத்தகைய வெற்றிடங்களை நிரப்பும் பணியை இன்று உலகெங்குமுள்ள தொண்டர்கள் இணையத்தின் வாயிலாகச் செய்து வருகின்றனர். எவரும் வரையவும் திருத்தவும் கூடிய ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்னும் தேசப்படம் 2004இல் பிரிட்டனில் தொடங்கப்பெற்றது. 2010 ஜனவரி 12ஆம் நாள் ஹைத்தி நாட்டில் பூகம்பம் நிகழ்ந்தபோது, அந்நாட்டைக் கண்ணாற் காணாதவர்களும் செயற்கைக்கோட் படங்களைக் கணிப்பொறித் திரையில் வைத்து, தலைநகரின் தெருக்களை வரைந்தளித்தனர். அவர்கள் கையாளும் முறை எளியது. ஒரு பிரதேசத்தின் படம் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒருவர் ஒரு கட்டத்தை ஏற்றுப் பாதைகளைக் கோடுகளாலும், கட்டிடங்களை அவற்றின் புறவெல்லையாலும் குறிக்கிறார். பழக்கமிக்க மற்றொருவர் அதனைச் சரிபார்க்கிறார். நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25ஆம் நாள் பூகம்பம் நிகழ்வதற்கு முன்னரே, காட்மாண்டுவின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் உள்ளூர்த் தொண்டர்கள் படத்தில் ஏற்றியிருந்தனர். பின்னர் வெளிநாட்டினர் செய்த வேலைக்கு அதுவே அடிப்படையாயிற்று.

எனினும், வானிலிருந்து காண்பதற்கு ஓர் எல்லையுண்டு. குடிசைப் பகுதியின் தகரக் கூரைகளும் தார்ப்பாய்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால், மேலிருந்து நோக்குங்கால் நூறு வீடுகள் ஒரே கூரையாகத் தோன்றும். இடையிலுள்ள சந்துகள் மறைந்துவிடும். கொல்கத்தாவின் ரிஷி அரவிந்த காலனியில் இக்குறையைத் தீர்த்தவர்கள் சிறுவர் சிறுமியரே. ‘பிரயாசம்’ என்னும் அமைப்பின் துணையுடன் அவர்கள் வீடு வீடாகச் சென்று தங்கள் பகுதியின் படத்தைத் தாமே வரைந்தனர். இளம்பிள்ளை வாதத் தடுப்புச் சொட்டு மருந்துக்குரிய குழந்தைகள் எந்தெந்த வீட்டில் உள்ளனர் என்பதையும் அவர்கள் கேட்டறிந்தனர். 2013இல் வெளிவந்த ஆவணப்படமொன்றில் இப்பணி இடம்பெற்றுள்ளது. இதனை விளையாட்டு வேலையெனக் கருதுதல் தவறு. இந்தியாவில் இயற்கைக் கிருமியால் விளைந்த கடைசி இளம்பிள்ளை வாதம் 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டது, ஹூக்ளி ஆற்றின் மறுகரையிலுள்ள ஹௌரா மாவட்டத்தில்தான். ஒரு குழந்தை விடுபட்டாலும் நோய்க்கு அது போதும். படத்தில் இல்லாத வீடோ எளிதில் விடுபடும்.

நகரத்தின் தெற்கே, சுந்தரவனத்தில் இடர் வேறு வகையினது. 2020 மே 20ஆம் நாள் ஆம்பன் புயல் அங்குக் கரை கடந்தபோது, ஆற்றோர மண்கரைகள் உடைந்து கடல்நீர் வயல்களிற் புகுந்தது. புயற்காலத்து மேகம் சாதாரணப் படங்களை மறைத்துவிடும். ரேடார் கருவி தாங்கிய செயற்கைக்கோளின் அலைகளோ மேகத்தை ஊடுருவும். அமைதியான நீர்ப்பரப்பு அவ்வலைகளை வேறு திசையிற் சிதறவிடுவதால் வெள்ளப்பகுதி கருமையாகப் பதிவாகும். ஆயினும் வற்றத்தின்போது எடுத்த படத்தில் நிலமாகத் தோன்றும் இடம், ஏற்றத்தின்போது நீரில் மூழ்கிவிடலாம். தொலைநாட்டில் அமர்ந்து வரைபவர் இதனை எவ்வாறு அறிவார்?

ஆகவே, ஊரின் வழக்குப்பெயர், மழைக்காலத்தில் நடக்கத்தக்க வரப்பு, படகு கட்டுந்துறை, புயலுக்குப் பின்னும் உப்பேறாத குழாய்க்கிணறு ஆகியவற்றை அவ்வூர் ஆசிரியரோ களப்பணியாளரோதான் படத்திற் சேர்க்க இயலும். கட்டங்களின் கோடுகள் வரையப்பட்டு முடிந்த பின்னரும், இவ்விவரங்களுக்குரிய இடம் பல ஊர்களில் நிரப்பப்படாமலே உள்ளது.