புயவென்பும் எக்ஸ்ரே படமும்

தோளுக்கும் முழங்கைக்கும் இடையிலுள்ள ஒற்றை என்பே புயவென்பு. விழுந்து அடிபட்டால் அதனை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். என்பிலுள்ள கல்சியம் தசையைவிட அதிகமாகக் கதிர்களை உறிஞ்சுவதால் என்பு வெண்மையாகத் தெரிகிறது. டிஜிட்டல் முறையில் பிலிம் கழுவ வேண்டியதில்லை; படம் கணினித் திரைக்கே வந்துவிடும்.

பர்தாவில் குத்திய ஊசியும் வெண்மையாகவே விழும். எனவே தோள்பக்க ஊசிகளை முதலில் கழற்றிவிட வேண்டும். முன்னிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படங்கள் எடுப்பார்கள். ஒன்றில் மறைந்த வெடிப்பு மற்றதில் தெரியக்கூடும்.

ஆனால் நரம்பு எந்தப் படத்திலும் தெரியாது. புயவென்பின் பின்புறத்தை ஒட்டியே ஆரை நரம்பு செல்கிறது. அது பாதிக்கப்பட்டால் மணிக்கட்டு தொங்கிவிடும். மணிக்கட்டை நிமிர்த்த முடியாவிட்டால், வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் நாமே சொல்லிவிட வேண்டும்.