துருவும் எவர்சில்வரும்

எவர்சில்வர் என்ற பெயரைக் கேட்டவுடன், என்றும் வெள்ளிபோல் ஒளிரும் பாத்திரமே நம் மனக்கண்முன் தோன்றும். ஆனால் பாத்திரம் கழுவும் இயந்திரம் வைத்திருக்கும் இல்லத்தார் சிலர், அதன் கதவைத் திறந்ததும் எவர்சில்வர்க் கரண்டிகளின் மேல் செம்பழுப்புப் புள்ளிகளைக் கண்டு திகைக்கின்றனர். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பார் ஒருவர். இயந்திரம் பழுது என்பார் மற்றொருவர். பெரும்பாலும் இரண்டுமே காரணமல்ல. உண்மையை அறியத் துரு என்பது யாது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்யும் எளிய சோதனை ஒன்றை மாணவர்கள் அறிவார்கள். மூன்று சோதனைக் குழாய்களில் புதிய இரும்பாணிகளை இடுகிறோம். முதற் குழாயில் சாதாரண நீர். இரண்டாவதில், கொதிக்கவைத்துக் காற்றை வெளியேற்றிய நீர். அதன்மேல் காற்றுப் புகாதவாறு எண்ணெய்ப் படலம். மூன்றாவதில் நீரே இல்லை. காற்றும், ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடுமே உண்டு. சில நாட்கள் சென்றபின் முதற் குழாயின் ஆணி மட்டுமே துருப்பிடித்திருக்கும். நீரும் பிராணவாயுவும் ஒருங்கே சேர்ந்தால்தான் துரு உண்டாகும் என்பது இதனால் விளங்கும். இரவு கழுவி ஈரத்தோடு கவிழ்த்துவைத்த இரும்பு வாணலி விடியற்காலையில் சிவந்து கிடப்பதற்கும் இதுவே காரணம். மெல்லிய நீர்ப்படலத்தினூடே காற்று எளிதிற் புகுந்துவிடுகிறதல்லவா?

இரும்பின் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழக்கின்றன. அவற்றை நீரும் பிராணவாயுவும் ஏற்கின்றன. முடிவில் நீர் கலந்த இரும்பு ஆக்சைடு பிறக்கிறது. உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், அதில் இவ்வினை இன்னும் விரைவாக நடைபெறும். துரு, தான் தோன்றிய இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும், பொருபொருவென்று உதிரும். உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட, அதுவும் துருவாகிறது. அலுமினியமும் காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகவே மாறுகிறது. ஆயினும் அவ்வாக்சைடு உதிர்வதில்லை. இறுகிய தோலாய் ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது.

இத்தகைய தோலை இரும்புக்கும் அளிப்பது குரோமியம். இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரில் துப்பாக்கிக் குழல்களுக்கேற்ற எஃகைத் தேடிக்கொண்டிருந்த ஹாரி பிரியர்லி, 1913-ஆம் ஆண்டில், சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு எளிதில் அரிக்கப்படுவதில்லை எனக் கண்டார். அவ்வூர் கத்தி செய்வதற்குப் பேர்போனது. ஆகவே துப்பாக்கிக்கென்று தேடியது உணவு மேசைக்கு வந்து சேர்ந்தது. குரோமியம் ஏறக்குறைய பத்தரைச் சதவீதமேனும் இருந்தால், எஃகின் மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடுப் படலம் ஒன்று தானே உருவாகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அவற்றுள் சில கூறுகளின் பருமனே அதற்கு உண்டு. கண்ணுக்குத் தெரியாத இப்படலம் கீறப்பட்டாலும், காற்றுப் பட்டதும் மீண்டும் வளர்ந்துவிடும். எவர்சில்வரின் பெருமையெல்லாம் இத்தோலின் பெருமையே.

இத்தோலுக்குப் பெரும்பகை உப்பிலுள்ள குளோரைடு. குளிர்ந்த நீர் நிறைந்த பாத்திரத்தில் கல்லுப்பைக் கொட்டிக் கலக்காமல் விட்டால், அடியில் தங்கிய உப்பு ஊசிமுனை போன்ற குழிகளைத் தோண்டிவிடும். நீர் கொதித்தபின் உப்பிடுவதும், ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில் வைப்பதும் இதனாலேயே நல்லது. பாத்திரத்திற்குப் பாத்திரம் வலிமையும் வேறுபடும். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்ட எஃகு நன்கு தாங்கும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவான வகை அவ்வளவு தாங்காது. இரண்டிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆகையால் காந்தத்தைக் கொண்டு சோதித்து வாங்குவோர் இவற்றைப் பிரித்தறிய இயலாது. கத்திக்குக் கூர்மை நிற்கவேண்டிக் கரியை மிகுதியாகச் சேர்ப்பதால், அதுவும் சற்று எளிதில் புள்ளி விழும் இனமே.

இனி இயந்திரத்துக்கு வருவோம். ஜோசபின் காக்ரேன் என்ற அமெரிக்க மாது 1886-இல் காப்புரிமை பெற்ற கருவியின் வழித்தோன்றல் இது. வெப்பம், ஈரம், காற்று ஆகிய மூன்றும் இதனுள் மணிக்கணக்கில் கூடியிருக்கின்றன. பாத்திரம் அடுக்கும் கம்பித்தட்டு சாதாரண இரும்புக் கம்பியின்மேல் நைலான் பூசியதாக இருப்பதுண்டு. பூச்சு எங்கேனும் வெடித்தால் அங்கே துரு தொடங்கும். அத்துரு நீரோடு சுழன்று கரண்டிகளின்மேல் படிகிறது. திகைப்பூட்டிய புள்ளிகள் பெரும்பாலும் இவ்வாறு பிறவிடத்திலிருந்து வந்த விருந்தாளிகளே! கடின நீரை மென்மையாக்குவதற்கு இயந்திரத்தில் இடும் உப்பு, வெளியே சிந்திக் கிடந்தாலும் கேடுதான். உப்பு நிரப்பியவுடன் இயந்திரத்தை ஒருமுறை ஓட்டிவிட வேண்டும். வெடித்த கம்பிக்கு அதற்கென விற்கும் பூச்சை இட்டு மூடலாம். இரும்பு அரிவாள்மணையையும் வாணலியையும் உள்ளே வைக்கவே கூடாது.

படிந்த புள்ளியை நீக்க எலுமிச்சைச் சாறோ புளியோ போதும். அவற்றின் அமிலம் துருவைக் கரைக்கும். தேய்த்தபின் கழுவி, உடனே துடைத்து உலர்த்த வேண்டும். சாதாரண இரும்பு நாரால் தேய்ப்பவர்கள் அதன் துணுக்குகளை எவர்சில்வரில் விட்டுவந்து, புதிய துருவுக்கு விதை ஊன்றுகிறார்கள். குளோரின் கலந்த சலவைத் திரவத்தோடு எந்த அமிலத்தையும் சேர்க்கலாகாது. நச்சு வாயு வெளிப்படும்.

துருப்பட்ட கரண்டியால் உண்டால் இசிவு நோய் வருமென்று அஞ்சுவோர் உளர். அந்நோயை உண்டாக்குவது துருவன்று. மண்ணில் வாழும் ஒருவகைக் கிருமி காயத்தின் வழியே உடலிற் புகுவதால் அது வருகிறது.

தோசைக்கல்லுக்குக் குரோமியம் கிடையாது; அதற்குத் தோல் அளிப்பவர்கள் நாமே. எண்ணெய் தடவிச் சூடேற்றும்போது, எண்ணெய் இறுகிக் கரிய படலமாகிறது. கல்லைப் பழக்குதல் என்று நம் இல்லங்களில் கூறுவது இதனைத்தான். இயந்திரத்தில் இடும் காரமான சோப்பு அப்படலத்தை உரித்துவிடும். அவ்வாறு உரிந்து சிவந்த கல்லையும் எறிந்துவிட வேண்டியதில்லை. துருவைத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போக்கி, மெல்லியதாக எண்ணெய் தடவிப் புகையெழும்வரை காய்ச்சி ஆறவிடுக. இதனை மூன்று நான்கு முறை செய்தால் கல் மீண்டும் கருக்கும். மறுநாட் காலையிலேயே தோசை வார்க்கலாம்.