கதவுக்கு ஒரு சிறு துண்டு... காருக்குக் கட்டுறுதி வருமா?

பத்தாங் காலியில் ஒரு கார் பட்டறை. சனிக்கிழமை காலை. பத்தாண்டுக்கு மேல் ஓடிய மைவி காரை நிறுத்திவிட்டு ஓர் இளைஞர் இறங்குகிறார். இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள்.

“அண்ணே, கதவுல போடுற ஸ்டெபிலைசர்னு ஒன்னு இருக்காம். போட்டா வளைவுல வண்டி கல்லு மாதிரி நிக்குமாம். நாலு கதவுக்கும் போட்டுடலாமா?”

பட்டறைக்காரர் காரை ஒரு முறை சுற்றி வருகிறார். முன் டயர் இரண்டும் வழுக்கையாகிக் கிடக்கின்றன.

“போடலாம் தம்பி. ஆனா அந்தக் காசுல முதல்ல செய்ய வேண்டியது வேற இருக்கு.”

இளைஞர் கேட்டது தவறான கேள்வி அல்ல. பட்டறைக்காரர் சொன்னதும் வியாபாரத்தைத் தட்டிக் கழிக்கும் பேச்சு அல்ல. கதவில் மாட்டும் ஒரு சிறு துண்டு காரின் உடலையே இறுக்கிவிடுமா? ஓட்டும்போது தெரியும் மாற்றம் உண்மையா, மனப்பிரமையா? இவ்வார அரங்கில் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

பத்தாங் காலி மக்களுக்குக் கார் புதிதல்ல. தெற்கே சுங்கை சோவில் பெரோடுவா தொழிற்சாலை. வடக்கே தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் தொழிற்சாலை. 1985-இல் புரோட்டோன் சாகாவும், 2005-இல் பெரோடுவா மைவியும் வந்தபோது, தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் காராக அமைந்தவை அவையே. இங்கே கார் ஆடம்பரம் அல்ல. வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அதுதான் கால். செம்பனைத் தோட்டத்தின் செம்மண் பாதையிலும் ஓட வேண்டும். லாரிகள் நிறைந்த கூட்டரசுச் சாலையிலும் ஓட வேண்டும். உலு யாம் வழியாகப் பத்துமலைக்கு இறங்கும் வளைவுகளிலும், கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் வளைவுகளிலும் திரும்ப வேண்டும். ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணிச் செலவு செய்யும் வீட்டில், காருக்குப் போடும் பணம் சரியான இடத்தில் போய்ச் சேர வேண்டும் அல்லவா?

கார் முறுகுமா?

இரும்பால் செய்த கார் முறுகுமா என்று சிலர் வியக்கலாம். முறுகும். ஒரு முன்சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது, ஈரத்துணியைப் பிழிவதுபோல் காரின் உடல் மிகச் சிறிய அளவில் முறுகுகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கருவிக்குத் தெரியும். காரின் பின்பகுதியை அசையாமல் பிடித்துக்கொண்டு முன்பகுதியை முறுக்கி, ஒரு பாகை திரும்ப எவ்வளவு விசை வேண்டும் என்று பொறியாளர்கள் அளக்கிறார்கள். இக்காலக் கார்கள் பலவற்றில் அது 10,000 நியூட்டன் மீட்டரைத் தாண்டுகிறது. நல்ல கட்டுறுதி உள்ளவற்றில் 20,000-க்கும் மேல். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் நுனியில் ஏறத்தாழ ஒரு டன் எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்குதான் 10,000 நியூட்டன் மீட்டர். அவ்வளவு கொடுத்தால்தான் ஒரே ஒரு பாகை திரும்பும்.

உடல் இறுக்கமாக இருப்பதால் என்ன பயன்? ஸ்டீரிங்கைத் திருப்பியதும் சக்கரமும் உடலும் தாமதமின்றிச் சேர்ந்து திரும்பும். அப்சோர்பரும் ஸ்பிரிங்கும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்யும். கிறீச் என்ற ஒலிகள் குறையும்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். காலணி வாங்கிய அட்டைப் பெட்டியை மூடியில்லாமல் இரு முனையிலும் பிடித்து முறுக்குங்கள். எளிதாக முறுகும். மூடியை வைத்துச் சுற்றிலும் ஒட்டுநாடா ஒட்டிவிட்டு முறுக்குங்கள். அசையவே அசையாது. மூடியை வெறுமனே மேலே வைத்து முறுக்கினால்? கொஞ்சம்தான் வேறுபாடு தெரியும். காரின் கதவு இந்த மூன்றாவது வகை. ஒட்டாமல் வைக்கப்பட்ட மூடி.

கதவு சும்மா இருக்கிறதா?

கதவைத் தூணோடு பிணைப்பவை மூன்றே இடங்கள். முன்னால் இரண்டு கீல்கள், பின்னால் ஒரு பூட்டு. தூணில் ‘ப’ எழுத்தைப் படுக்க வைத்தாற்போல் ஓர் இரும்பு வளையம் இருக்கிறதே, பட்டறையில் அதை ஸ்ட்ரைக்கர் என்பார்கள். கதவுக்குள் இருக்கும் நகம் அந்த வளையத்தைக் கவ்விக்கொள்கிறது. மற்றபடி கதவைச் சுற்றிலும் சில மில்லிமீட்டர் இடைவெளிதான்; அதை ரப்பர் அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் கதவைத் திறக்கவோ மூடவோ முடியாது.

இதனால்தான் காரின் கட்டுறுதியை அளக்கும்போது கதவு மாட்டாத வெறுங்கூட்டை முறுக்கிப் பார்ப்பது வழக்கம். உறுதி முழுக்கக் கதவுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டத்திலும், தூண்களிலும், கூரையிலும்தான் இருக்கிறது.

ஆனால் கதவு இருக்கும் வாசல் மட்டும் கொஞ்சம் நெளியும். மழைக்காலத்தில் மண் இறங்கிய பழைய வீட்டில் நிலை சாய்ந்து கதவு தரையில் உரசுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலத்தான். பழைய காரின் ஒரு மூலையை ஜேக் வைத்துத் தூக்கினால் சில வேளை கதவு உரசுவதற்கும் இதுவே காரணம்.

சிறு துண்டின் வேலை

இங்கேதான் அந்த ஸ்டெபிலைசர் வருகிறது. டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த ஜப்பானிய உதிரிப்பாக நிறுவனமான ஐசின் இதைத் தயாரிக்கிறது. டொயோட்டாவின் பந்தயப் பிரிவான டி.ஆர்.டி.யின் பெயரில், 2012-இல் வந்த டொயோட்டா 86 போன்ற கார்களுக்கு இது விற்கப்பட்டது. ஸ்ட்ரைக்கரோடு ஒரு துண்டும், கதவின் ஓரத்தில் ஒரு துண்டும் பொருத்தப்படும். கதவை மூடியதும் ஸ்பிரிங் விசையால் ஓர் ஆப்பு நகர்ந்து, கதவுக்கும் தூணுக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தை நிரப்பிக்கொள்ளும். அதாவது, கதவு இரண்டு தூண்களுக்கும் நடுவே முட்டுக்கட்டைபோல் நிற்கும்.

இந்த எண்ணம் வெறும் விற்பனைத் தந்திரம் அல்ல. கூரையில்லாத கார்களில் இதன் பயன் நெடுங்காலமாகத் தெரிந்ததே. 1989-இல் வந்த மஸ்டா எம்.எக்ஸ்-5 காரின் கதவோரத்தில் தூணோடு அழுந்தி நிற்கும் சிறு துண்டுகள் உண்டு. கூரை இல்லாத உடல் அதிகம் நெளியும் என்பதால், கதவின் உதவி அங்கே பயன்படுகிறது.

கூரையுள்ள, நான்கு கதவுள்ள மைவி, சாகா, வியோஸ் போன்றவற்றில்? கட்டுறுதியை ஏற்கெனவே கூரையும் தூண்களும் கொடுத்துவிட்டன. மேலும், இந்த ஆப்பு தள்ளுமே தவிர இழுக்காது. ஒட்டுநாடாபோல் நான்கு பக்கமும் பிணைப்பதும் இல்லை. ஆகவே காரின் முறுக்குறுதியில் இது சேர்ப்பது சொற்பமே.

அப்படியானால் போட்டவர்கள் எல்லாரும் ‘வண்டி இறுகிவிட்டது’ என்கிறார்களே, பொய்யா? பொய் என்று சொல்ல முடியாது. ஒரு கதவு ஏறத்தாழ 20 கிலோ எடை கொண்டது. நான்கையும் சேர்த்தால் ஒரு பெரிய ஆளின் எடை. அவ்வளவு எடை ரப்பரில் சாய்ந்துகொண்டிருக்கிறது. மோசமான சாலையில் அது தானாக அதிரும், முனகும். ஆப்பு அந்த அதிர்வை அடக்கிவிட்டால் சத்தம் குறையும். கைக்கும் காதுக்கும் கார் இறுகியதுபோல் தோன்றும். இறுகியது பெரும்பாலும் கதவே தவிர, காரின் உடல் அல்ல.

இதோடு மனமும் சேர்ந்துகொள்கிறது. சில நூறு வெள்ளி கொடுத்து மாட்டிய பொருள் வேலை செய்ய வேண்டும் என்று மனம் விரும்பும். கதவை மூடும் ஒலி மாறியவுடனே ‘ஆஹா’ என்று தோன்றும். இதைச் சரிபார்க்க வழி உண்டு. நண்பர் ஒருவரிடம் காரைக் கொடுத்து, மாட்டியும் கழற்றியும் வைக்கச் சொல்லுங்கள். எது எப்போது என்று அவர் உங்களிடம் சொல்லக் கூடாது. அதே சாலை, அதே வேகம், அதே டயர்க் காற்று. ஐந்தாறு முறை ஓட்டிவிட்டு, மாட்டியிருந்தது எந்தெந்த முறை என்று எழுதிக் கொடுங்கள். பாதிக்குப் பாதிதான் சரியாக வந்தால், உங்கள் பணம் சட்டைப் பையிலேயே இருந்திருக்கலாம்.

பூட்டில் விளையாட வேண்டாம்

பயன் சொற்பம் என்றால் போட்டுவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். சரியான காருக்கென்று செய்யப்பட்ட துண்டை, சரியாக மாட்டினால் கெடுதல் இல்லை. கவலை வேறு இடத்தில் இருக்கிறது. எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று சொல்லி மலிவாக விற்கும் பிளாஸ்டிக் உறைகளும், ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் தடித்த தகடு வைத்து இறுக்கும் பழக்கமும் ஆபத்தானவை.

காரணம் இதுதான். கார்க் கதவின் பூட்டு இரண்டு படிகளில் பிடிக்கும். முதல் ‘கிளிக்’ அரைப்பிடி. இரண்டாவது ‘கிளிக்’ முழுப்பிடி. ஐக்கிய நாடுகள் அமைப்பின் கீழ் 2004 நவம்பரில் ஏற்கப்பட்ட முதலாவது உலக வாகனத் தொழில்நுட்ப விதியே கதவுப் பூட்டையும் கீலையும் பற்றியதுதான். அதன்படி, முழுப்பிடியில் உள்ள பூட்டு ஒரு திசையில் 11,000 நியூட்டன் இழுப்பைத் தாங்க வேண்டும். ஏறத்தாழ 1,100 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். அரைப்பிடிக்கோ 4,500 நியூட்டன் போதும் என்று விதி சொல்கிறது. பாதிக்கும் குறைவு!

ஸ்ட்ரைக்கர் சில மில்லிமீட்டர் இடம் மாறினாலோ, தடித்த உறை குறுக்கே நின்றாலோ, பூட்டு முழுப்பிடிக்குப் போகாமல் அரைப்பிடியிலேயே நின்றுவிடக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் கதவு மூடியதாகவே தெரியும். விபத்தில்தான் உண்மை தெரியும்.

விபத்தில் கதவு திறந்து வெளியே வீசப்படுவது உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பது 1950-களிலேயே அமெரிக்க ஆய்வுகளில் தெரியவந்தது. ஃபோர்டு நிறுவனம் 1956-ஆம் ஆண்டுக் கார்களில் பாதுகாப்பான கதவுப் பூட்டைச் சேர்த்தது அதன் பிறகுதான். மலேசியாவில் 2009 ஜனவரி 1 முதல் பின்னிருக்கையிலும் பாதுகாப்பு வார் கட்டாயம். வாரும் பூட்டும் சேர்ந்தே பிள்ளைகளைக் காருக்குள் வைத்திருக்கின்றன. கார் இறுகியதுபோல் தோன்றுவதற்காக அந்தப் பூட்டைப் பாதி வலுவில் நிறுத்தலாமா?

முதலில் எதைச் செய்வது?

காரின் கதவு முனகுகிறது என்றால், புதுத் துண்டு வாங்கும் முன் இருப்பதைச் சோதியுங்கள்.

ஒரு தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, வெளியே இழுங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் செத்துவிட்டது. நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் ரப்பர் நாளடைவில் தட்டையாகிவிடும். அதை மாற்றினாலே சத்தம் பாதி அடங்கும். மழைநீரும் உள்ளே வராது.

கதவைத் திறந்து அதன் முனையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் கீல் தேய்ந்துள்ளது.

மூடும்போது கதவு சற்றே மேலெழும்பினாலோ கீழிறங்கினாலோ ஸ்ட்ரைக்கரின் இடம் தவறியுள்ளது. அதைப் பட்டறையில் சரிசெய்யலாம். தளர்த்தும் முன் பழைய இடத்தைப் பேனாவால் கோடிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் இரண்டு ‘கிளிக்’ கேட்கிறதா என்று மெதுவாக மூடிப் பாருங்கள்.

வளைவில் கார் தள்ளாடுகிறது என்றால், காரணம் கதவில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. டயரின் காற்று, டயரின் பள்ளம், அப்சோர்பர், கீழ்க்கை புஷ், சக்கர அலைன்மெண்ட் ஆகியவற்றை இதே வரிசையில் பாருங்கள். டயர்ப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் அது சட்டத்துக்கும் புறம்பு. நனைந்த சாலையில் உயிருக்கும் ஆபத்து. எந்த ஸ்டெபிலைசரும் வழுக்கை டயருக்குப் பிடிப்பைத் தராது.

இவை எல்லாம் சரியாக இருந்து, காரின் மீது ஆசையும் கையில் பணமும் மீதமிருந்தால், உங்கள் காருக்கென்றே செய்த அசல் துண்டை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். சத்தம் குறையும், மனம் நிறையும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பட்டறைக்கு வந்த அந்த இளைஞர் ஸ்ட்ரைக்கரைக் காட்டுவதற்காக ஓட்டுநர் கதவைத் திறந்து குனிகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் அருகில், அதே தூணில், பல கார்களில் ஒரு சிறு அட்டை ஒட்டியிருக்கும். டயருக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். இன்று மாலை உங்கள் கார்க் கதவையும் திறந்து அந்த அட்டையைப் படித்துப் பாருங்கள், வாசகர்களே. அதற்குக் காசு ஒன்றும் ஆகாது.