ஆங்கிலத்தில் தமிழ்ச் சொற்கள்: ஒலியொப்புமையும் பொருள் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் வழங்கும் தமிழ்ச் சொற்களைத் தொகுத்துக் கூறும் கட்டுரைகள் பல வெளிவந்துள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை ஒலியொப்புமையை மட்டுமே சான்றாகக் கொண்டு சொற்களைப் பட்டியலிடுகின்றன. ஒரு சொல் தமிழிலிருந்து சென்றதா என்பதை உறுதி செய்வதற்கும், சென்ற பின் அஃது என்ன பொருளில் வழங்கியது என்பதை விளக்குவதற்கும் பொருள் வரலாறே முதன்மையான கருவி என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது. காசு, கறி, கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், அணைக்கட்டு, பறையர் ஆகிய சொற்கள் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: கடன்சொல், சொற்பிறப்பியல், பொருள் மாற்றம், ஒலியொப்புமை, சொல்லும் சமூகமும்

முன்னுரை

தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். பிறமொழிச் சொல் தமிழுக்குள் வருங்கால் எழுத்தளவில் எவ்வாறு அமைய வேண்டும் என்பதையும் வரையறுத்தார். தமிழ்ச் சொல் பிறமொழிக்குள் செல்லுங்கால் என்ன நிகழ்கின்றது என்பது பிற்காலத்து வினா. ஐரோப்பியர் வணிகத்தின்பொருட்டுச் சோழமண்டலக் கரைக்கு வந்த பின்னரே இவ்வினாவிற்குரிய சான்றுகள் மிகுதியாகக் கிடைக்கின்றன.

இச்சான்றுகளைத் தொகுத்த முன்னோடி நூல் ஹென்றி யூல், ஏ. சி. பர்னல் ஆகிய இருவரும் உருவாக்கி 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியாகும். பர்னல் தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாகப் பணியாற்றியவர். இவ்வகராதி ஒவ்வொரு சொல்லுக்கும் பயணக் குறிப்புகள், கடிதங்கள், கும்பெனி ஆவணங்கள் ஆகியவற்றிலிருந்து காலமுறைப்படி மேற்கோள்களைத் தருகின்றது. இம்முறையியலை விடுத்துச் சொற்பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டதே பிற்கால எழுத்துகள் பலவற்றின் குறைபாடாகும்.

1. ஒப்புமை சான்றாகுமா?

ஆங்கிலத்தில் ஒன்று என்னும் எண்ணைக் குறிக்கும் 'ஒன்' தமிழின் 'ஒன்று' என்பதிலிருந்து வந்தது என்னும் கருத்து பலராலும் கூறப்படுகின்றது. இக்கால எழுத்து வடிவத்தை மட்டும் நோக்கின் இஃது ஏற்புடையது போலத் தோன்றும். ஆயின் பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லின் வடிவம் 'ஆன்' என்பதாகும். அதன் முதலில் இன்று ஒலிக்கும் வகர ஒலி இடைக்கால ஆங்கிலத்தின் இறுதியில் தோன்றிய மாற்றம். 'அலோன்', 'ஓன்லி' என்னும் தொடர்புடைய சொற்களில் இன்றும் அவ்வகர ஒலி இல்லை. செருமானிய 'ஐன்ஸ்', இலத்தீன் 'ஊனுஸ்' ஆகியன இதன் உறவுச் சொற்கள். சொல்லின் வரலாற்றில் பின்னோக்கிச் செல்லுந்தோறும் தமிழுடன் உள்ள ஒப்புமை குறைகின்றது. உண்மையான கடன்சொல்லாயின் பின்னோக்கிச் செல்லுந்தோறும் மூலமொழியை நெருங்குதல் வேண்டும்.

ஆகவே ஒரு சொல்லைத் தமிழ் வழிக் கடன்சொல் எனக் கொள்வதற்கு மூன்று சான்றுகள் தேவை. அச்சொல் ஆங்கிலத்தில் முதன்முதலாகப் பதிவான காலத்தில் இருமொழியாளரிடையே தொடர்பு இருந்தமை காலச்சான்று. நேரடியாகவோ போர்த்துகீசியம் முதலிய இடைமொழி வாயிலாகவோ சொல் சென்ற நெறியைக் காட்டுவது வழிச்சான்று. தொடக்ககாலப் பயன்பாட்டில் மூலப்பொருள் துலங்குவது பொருட்சான்று.

1.1 காசும் 'கேஷ்' என்பதும்

பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' தமிழ்க் 'காசு' என்பதன் திரிபு என்பது பரவலான நம்பிக்கை. இதில் ஒரு பாதி உண்மை உள்ளது. ஆங்கிலத்தில் 'கேஷ்' என்னும் வடிவில் இரு வேறு சொற்கள் உள்ளன. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் முதற்சொல் 'பெட்டி' எனப் பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழிவந்தது. தொடக்கத்தில் அது பணப்பெட்டியையும் குறித்தது. பின்னர்ப் பெட்டியிலுள்ள பணத்திற்கு ஆகிவந்தது. இதனை இடவாகுபெயர் எனலாம்.

இரண்டாம் சொல் தென்னிந்தியாவிலும் சீனத்திலும் வழங்கிய சிறு நாணயத்தைக் குறிப்பது. இதுவே 'காசு' என்பதிலிருந்து போர்த்துகீசிய வடிவத்தின் வாயிலாக ஆங்கிலம் சென்றது. சென்னையில் கிழக்கிந்தியக் கும்பெனியின் கணக்கில் 80 காசு ஒரு பணமாகவும், 42 பணம் ஒரு வராகனாகவும் கொள்ளப்பெற்றன. 1818-இல் ரூபாய் முறை வரும்வரை இக்கணக்கு நீடித்தது. ஆகவே கும்பெனி ஆவணங்களில் 'கேஷ்' என வருமிடங்களைப் பொதுவான ரொக்கம் எனக் கொள்ளின், வரி, கூலி பற்றிய செய்திகள் பிழைபடும். சொற்பிறப்பு இங்கு வரலாற்று ஆவணத்தைச் சரியாகப் படிப்பதற்குரிய கருவியாகவும் அமைகின்றது.

1.2 கறி

'கர்ரி' என்னும் ஆங்கிலச் சொல் தமிழ் உள்ளிட்ட தென்திராவிட மொழிகளின் 'கறி' என்பதிலிருந்து வந்தது. ஹன்னா கிளாஸ் 1747-இல் வெளியிட்ட சமையல் நூலில் இந்திய முறையில் இதனைச் சமைக்கும் குறிப்பு இடம்பெற்றுள்ளது. ஆயின் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்டின் சமையலர் தொகுத்த நூலின் தலைப்பிலும் இதனை ஒத்த சொல் உண்டு. அதனைக் காட்டி இச்சொல் முன்பே ஆங்கிலத்தில் இருந்தது என வாதிடுவோர் உளர். அத்தலைப்பிலுள்ள சொல் 'சமைத்தல்' என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சு வினையின் வழிவந்தது. குதிரையின் உடலைத் தேய்த்துத் தூய்மை செய்தலைக் குறிக்கும் 'கர்ரி' என்னும் வினையும் மற்றொரு பிரெஞ்சு மூலத்தைச் சார்ந்தது. வடிவால் ஒத்த இம்மூன்றும் பொருளாலும் வழியாலும் வேறானவை. தமிழ்ச் சார்பான முடிவாயினும் எதிரான முடிவாயினும், ஒலியொப்புமை ஒன்றையே நம்பின் பிழையாகும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

சங்க இலக்கியத்தில் மிளகைக் குறித்த 'கறி', இன்று தமிழில் இறைச்சியையும் காய் முதலியவற்றால் ஆகும் துணையுணவையும் குறிக்கின்றது. ஆங்கிலத்தில் அது மசாலாக் குழம்பின் பொதுப்பெயராயிற்று. தமிழர் சாம்பார், குழம்பு, கூட்டு, பொரியல் எனப் பகுத்து வழங்கும் பல உணவுகளைப் பிறர் ஒரே சொல்லால் சுட்டும் நிலை இதனால் உருவாயிற்று.

2. பொருள் மாற்றத்தின் வகைகள்

2.1 பொருள் பெயர்தல்: கட்டுமரம்

கட்டுமரம் என்பது எடை குறைந்த மரங்களைக் கயிற்றால் பிணைத்து அமைக்கும் மிதவை. வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் வழங்கும் பெயராக 'கேட்டமரான்' என்பதைக் குறிப்பிடுகின்றார். பெயரும் பொருளும் அங்கு மூலத்தோடு ஒத்துள்ளன. 1804-இல் பிரெஞ்சுக் கப்பல்களைத் தாக்குவதற்கு ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த வெடிமருந்து மிதவைகளுக்கு ஆங்கிலேயர் இப்பெயரை இட்டனர். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் புதினங்களில் சண்டைக்காரப் பெண்ணைக் குறிக்கும் ஏளனச் சொல்லாகவும் இது வந்துள்ளது. சொல்லின் முதற்பகுதி பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒத்திருப்பது இதற்குக் காரணமாகலாம். 1876-இல் அமெரிக்கரான நத்தானியல் ஹெரெஷாஃப் இரட்டை உடற்பகுதியுடைய பாய்மரப் படகை வடிவமைத்த பின்னர், அவ்வகைப் படகுக்கே இப்பெயர் நிலைத்தது.

இரண்டு உடற்பகுதிகளை இணைக்கும் மரபு பாலினீசியத் தீவினருடையது. எனவே இன்றைய 'கேட்டமரான்' என்பதில் பெயர் தமிழ். கலம் அமைக்கும் மரபு தமிழருடையதன்று. பெயரைக் கொண்டு தொழில்நுட்பத்திற்கும் உரிமை கோருதல் பொருந்தாது.

2.2 பொருள் சுருங்குதலும் விரிதலும்: சுருட்டு, மிளகுத்தண்ணீர்

'சுருட்டு' தமிழில் வினையடியாகப் பிறந்த பெயர். சுருட்டப்பட்ட புகையிலையைப் பொதுவாகக் குறிப்பது. ஆங்கிலத்தில் 'செரூட்' இருமுனையும் வெட்டப்பட்ட ஒருவகைச் சுருட்டை மட்டும் குறிக்கின்றது. 'சிகார்' என்னும் சொல் பொதுப்பெயராகிவிட்டமையால், 'செரூட்' சிறப்புப் பெயராகச் சுருங்கியது எனலாம். ஆர்தர் கோனன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் புதினத்தில் துப்பறிவாளர் திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலை அடையாளம் காண்கின்றார். ஆயின் இன்று இவ்வாங்கிலச் சொல் பெரிதும் பர்மாவோடு இணைத்தே எண்ணப்படுகின்றது.

'மிளகுத்தண்ணீர்' ஆங்கிலத்தில் 'மல்லிகட்டானி' ஆயிற்று. தமிழரின் மிளகுத்தண்ணீர் சோற்றோடு பிசைந்தோ தனியாகவோ உண்ணும் தெளிந்த நீர்மம். ஆங்கிலேயரின் உணவு முறையில் முதலில் பரிமாறப்படுவது சூப். அவ்விடத்தை நிரப்ப வந்த இவ்வுணவில் இறைச்சி, பருப்பு, அரிசி, ஆப்பிள் முதலியன சேர்ந்து அது தடித்த சூப்பாக மாறியது. இச்சொல்லின் சுருக்கமான 'மல்' சென்னை மாகாண ஆங்கில அலுவலரைக் குறிக்கும் கேலிப்பெயராக வழங்கியதை 'ஹாப்சன்-ஜாப்சன்' பதிவு செய்துள்ளது. உணவின் பெயர் அதனை உண்போருக்கு ஆகிவந்துள்ளது.

2.3 பழம்பொருள் நிலைத்தல்: அணைக்கட்டு

'அணைக்கட்டு' என்பதன் ஆங்கில வடிவமான 'அனிகட்' பாசனப் பொறியியலில் நிலைபெற்ற கலைச்சொல். கல்லணையையும், 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணையையும் ஆங்கிலத்தில் இச்சொல்லாலேயே குறித்தனர். அவர் ஆந்திரத்தில் தவளேசுவரத்தில் கோதாவரியின் குறுக்கே அமைத்த கட்டுமானத்திற்கும் இப்பெயர் வழங்கியது. இலங்கையிலும் இராசத்தானிலும் இச்சொல் இன்றும் பயில்கின்றது.

ஆற்றின் குறுக்கே நீரைத் தடுத்துக் கால்வாய்களில் திருப்பிவிட்டு, மிகுநீரை மேலே வழியவிடும் தாழ்வான கட்டுமானமே 'அனிகட்'. நீரைத் தேக்கி வைக்கும் பெரிய கட்டுமானத்திற்கு ஆங்கிலத்தில் 'டேம்' என்னும் வேறு சொல் உண்டு. தமிழிலோ மேட்டூர் போன்ற தேக்கங்கள் எழுந்த பின்னர் 'அணைக்கட்டு' என்பதே இரண்டிற்கும் பொதுவாயிற்று. ஆகவே கல்லணை போன்ற கட்டுமானங்களுக்குரிய வேறுபாட்டை இன்று கடன் வாங்கிய மொழியே தனிச்சொல்லால் காத்து நிற்கின்றது.

3. இழிபொருளேற்றம்: 'பரையா'

ஆங்கிலத்தில் மிகுதியாகப் பயிலும் தமிழ்வழிச் சொற்களுள் 'பரையா' என்பதும் ஒன்று. சமூகத்தால் விலக்கப்பட்டவர் என்பது அதன் இன்றைய அகராதிப் பொருள். உலக நாடுகளால் ஒதுக்கப்பட்ட அரசையும் உரிமையாளர் இல்லாத தெருநாயையும் இச்சொல்லை அடையாக்கிக் குறிக்கின்றனர்.

இதன் மூலம் 'பறையர்' என்னும் மக்கட்பெயர். பறை என்னும் இசைக்கருவியோடு இப்பெயரை இயைத்துக் கூறுவது பெருவழக்கு. புறநானூற்றின் 335-ஆம் பாடல் போற்றும் நான்கு குடிகளுள் பறையன் குடியும் ஒன்று. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆங்கிலப் பதிவுகளில் இச்சொல் குறிப்பிட்ட சாதியின் பெயராகவே வருகின்றது. ஐரோப்பியர் பின்னர் அதனைச் சாதியற்றோர் அனைவருக்கும் பொதுவாக்கினர். பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தன் த சேன்-பியேர் 1791-இல் வெளியிட்ட கதையும், காசிமிர் தெலவீன் 1821-இல் அரங்கேற்றிய நாடகமும் இதனை ஐரோப்பிய இலக்கியத்தில் பரப்பின. மாக்சு வேபர் யூத மக்களின் சமூக நிலையை விளக்க இச்சொல்லைக் கலைச்சொல்லாக்கினார். ஹன்னா ஆரென்ட் 1944-இல் எழுதிய கட்டுரையிலும் இது மையக் கருத்தாக அமைந்தது. இவ்வளர்ச்சியில் சொல் உலகப் பொதுவாயிற்று. அப்பெயருக்குரிய மக்களோ பார்வையிலிருந்து மறைந்தனர்.

ஆங்கிலத்தில் இச்சொல் இழிபொருளில் நிலைபெற்றிருந்த காலத்திலேயே, இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்னும் பெயரில் இதழ் தொடங்கினார். இழிவாகச் சுமத்தப்பட்ட பெயரையே உரிமைக்குரலின் பெயராக்கியது அவர் நெறி. அயோத்திதாசப் பண்டிதரோ அப்பெயரை ஏற்காது, 1907-இல் தொடங்கிய தம் இதழில் 'தமிழன்' என்னும் பெயரை முன்வைத்தார். நெறிகள் வேறாயினும், பெயருக்குப் பொருள் தரும் உரிமை அப்பெயரால் சுட்டப்படும் மக்களுக்கே உரியது என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

ஆங்கிலத்திற்குத் தமிழ் வழங்கிய கொடை என்னும் தலைப்பில் கட்டுமரம், சுருட்டு ஆகியவற்றுடன் 'பரையா' என்பதையும் விளக்கமின்றி வரிசைப்படுத்துவது ஆய்வு நேர்மைக்கு ஒவ்வாது. தீண்டாமை என்னும் கொடுமை இச்சொல்லின் வாயிலாக உலக மொழிகளில் உவமையாகியுள்ளது. அதனைப் பெருமையாகக் கொள்ள இயலாது. பட்டியலிலிருந்து நீக்கி மறைத்தலும் தகாது. சொல்லின் வரலாற்றோடு சேர்த்துக் கற்பித்தலே முறையாகும். மாணவர் ஆங்கிலத்தில் எழுதுங்கால் இச்சொல்லைத் தவிர்த்து, 'ஒதுக்கப்பட்டவர்' என்னும் பொருள் தரும் பிற சொற்களைப் பயன்படுத்தலாம் என்பதையும் வகுப்பறையில் சுட்டுதல் நலம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

• ஒலியொப்புமை ஆய்வின் தொடக்கமாகலாமே அன்றி முடிவாகாது. காலம், வழி, பொருள் ஆகிய மூன்று சான்றுகளும் ஒருங்கே அமைதல் வேண்டும்.

• ஒரே வடிவுடைய ஆங்கிலச் சொற்களுள் ஒன்று தமிழ்வழியினதாகவும் மற்றொன்று பிறிதாகவும் இருத்தல் கூடும். 'கேஷ்', 'கர்ரி' ஆகியன இதனை உணர்த்துகின்றன.

• கடன்சொல்லின் பொருளை வாங்கும் சமூகத்தின் தேவையே பெரிதும் வரையறுக்கின்றது. உணவு முறை, போர், பொறியியல், ஆட்சி ஆகியன சொற்களைத் தத்தம் போக்கில் மாற்றியுள்ளன.

• சொல் வரலாறு சமூக வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாதது. 'பரையா' என்னும் சொல் இதற்குத் தலையாய சான்று.

தமிழ்ச் சொற்கள் எத்தனை ஆங்கிலத்தில் உள்ளன என்னும் எண்ணிக்கையைவிட, ஒவ்வொன்றும் எவ்வழிச் சென்று என்ன பொருள் பெற்றது என்பதை ஆராய்வதே பயனுடையது. சொற்பட்டியல் தொகுக்கும் ஆய்வாளர் ஒவ்வொரு பதிவிலும் முதற்பதிவின் காலம், இடைமொழி, பொருள் மாற்றத்தின் வகை ஆகிய மூன்றனையும் குறிப்பாராயின், அப்பட்டியல் மொழியியலாளருக்கேயன்றி வரலாற்று ஆய்வாளருக்கும் உதவும்.