உச்சத்தில் பாடினால் உச்சந்தலை வலிக்கிறதா?

"ஏனுங்க, பாட்டு மேலே போறப்போ மண்டை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. பிரஷரா இருக்குமுங்களா?" வெள்ளகோவில் பக்கம் கும்மிப் பயிற்சி முடிந்து டீக்கு உட்கார்ந்தால் இப்படி ஒரு கேள்வி வரும். 2024-ல் வள்ளி கும்மி ஆசிரியர் பத்திரப்பனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது; கொங்குநாட்டு ஊர்களில் பாட்டிகளும் பேத்திகளும் ஒரே வட்டத்தில் ஆடிப் பாடுகிறார்கள். வலியைப் பற்றியும் கொஞ்சம் பேசிவிடலாம்.

முதலில் பிரஷர். ரத்தக் கொதிப்பு ஓரளவு கூடினால் பெரும்பாலும் தலை வலிக்காது. 180/120-ஐத் தாண்டும்போதுதான் வலி அதன் அறிகுறியாக வரக்கூடும். வலி இல்லையென்று கொதிப்பைப் பார்க்காமல் விடுவதும் தப்பு. வலித்தாலே கொதிப்பு என்று முடிவுகட்டுவதும் தப்பு.

பிறகு ஏன் வலிக்கிறது? எட்டாத சுருதியைப் பிடிக்க மூச்சை அடக்கி, வயிற்றை இறுக்கித் தள்ளுகிறோம். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது. தலையிலிருந்து இறங்க வேண்டிய ரத்தம் நொடிநேரம் தேங்கி, மண்டைக்குள்ளும் அழுத்தம் கூடுகிறது. இருமினாலும் தும்மினாலும் முக்கினாலும் நடப்பது இதுவேதான். இந்த வகைக்கு மருத்துவர்கள் இருமல் தலைவலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லண்டன் நரம்பியல் மருத்துவர் சார்லஸ் சைமண்ட்ஸ் 1956-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். சட்டென்று வரும், சில நொடியில் போய்விடலாம், 2 மணி நேரம் வரை நிற்கவும் செய்யலாம்.

பலருக்கு இதனால் ஆபத்தில்லை. ஆனால் இருமல் தலைவலிக்காரர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு உள்ளே ஒரு காரணம் இருக்கும். அதில் பெரும்பாலும், சிறுமூளையின் அடிப்பகுதி கபாலத்தின் துவாரம் வழியாகக் கழுத்துப் பக்கம் இறங்கியிருப்பதுதான். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிந்துவிடும். அதனால், தானாக விட்டுப் போனாலும் இந்த வகை வலியை ஒருமுறையாவது மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

மெல்ல மெல்ல ஏறி, தலையைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியதுபோல் பிடிக்கும் வலி வேறு. தாடை, கழுத்து, தோள்பட்டைத் தசைகள் விறைத்தால் அப்படி வரும். பாடும்போது காதுக்கு முன்னால் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். அந்த இடம் கல்லாக இறுகினால் தாடையை அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். அதே அடியைச் சுருதி இறக்கி, பாதிக் குரலில் பாடுங்கள். வலி வரவில்லையென்றால் கோளாறு பாடும் முறையில் இருக்க வாய்ப்பு அதிகம். கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் ஐந்து கட்டையில் பாடினார் என்றால் அது அவர் தொண்டை; நமக்கு ஒத்துவரும் கட்டையை ஆசிரியரிடம் தயங்காமல் கேட்கலாம்.

பகலெல்லாம் தறிக்குடோன் இரைச்சலில் நின்றுவிட்டு, சாப்பிடாமல், தண்ணீரும் குடிக்காமல் நேரே ஆட வந்தாலும் தலை இடிக்கும். வெயில் காலத்தில் இன்னும் அதிகம். ஒரு சொம்புத் தண்ணீர், கொஞ்சம் ஆகாரம், பாட்டுக்கு நடுவில் ஓய்வு: பாதி வலி இதிலேயே அடங்கும். மருந்துக்கடை மாத்திரையை மாதத்தில் பத்துப் பதினைந்து நாள் என்று மாதக்கணக்கில் விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

எவ்வளவு வலி என்பதைவிட, எப்படி வந்தது என்பதைக் கவனியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், இதுவரை பார்க்காத வலியாக இருந்தால் அது மூளையில் ரத்தக் கசிவாக இருக்கலாம். பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல், பார்வை மங்கல், வலிப்பு, மயக்கம், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு ஆகியவை சேர்ந்தாலும் காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலி, நாளுக்கு நாள் கூடும் வலி, விடியலில் வாந்தியோடு வரும் வலி, தலையில் அடிபட்ட பிறகோ கர்ப்ப காலத்திலோ வரும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

"அரங்கேற்றம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அரங்கேற்றத்தைத் தள்ளி வைக்கலாம். மூளையில் கசியும் ரத்தம் தேதி பார்த்து நிற்காது.